ராகு காலம் பார்த்த கள்ளன்

கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு எண்ணெய்ப் பொட்டு மட்டும் இருந்தது.

துப்பறிவாளர் ஹரிஷா குனிந்து அதை விரலால் தொட்டு முகர்ந்தாள். அவளுடைய உதவியாளர் இராஜேந்திரன் குனியவில்லை. சுவிஸின் லுசேர்ண் நகரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் அண்டா தூக்கி இடுப்பு நாரியைப் பறிகொடுத்தவர் அவர். தரையில் கிடப்பது தங்கமாகவே இருந்தாலும் யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

"பிள்ளை, கள்ளன் நல்ல குடும்பத்துப் பெடியன்," என்றார். "கராஜைக் கூட்டித் துடைச்சுப்போட்டெல்லோ போயிருக்கிறான்."

"பகிடி விடாதேங்கோ அண்ணை!" பிருந்தனின் குரல் உடைந்தது. "அஞ்சு வருசம்! அஞ்சு வருசமாக் கட்டின கார்!"

பிருந்தனுக்கு முப்பத்திரண்டு வயது. இந்த டீட்டிகோன் ஊரிலேயே பிறந்து, இங்கேயே ஒரு பொதிக் களஞ்சியத்தில் வேலை பார்ப்பவன். மூன்று கிழமை விடுமுறையில் யாழ்ப்பாணம் போய் நேற்று இரவுதான் திரும்பியிருந்தான். இன்று பகல் பன்னிரண்டரைக்கு, வாடகைக்கு எடுத்த இந்தக் கராஜைத் திறந்தால் உள்ளே வெறும் காற்று. அழுதுகொண்டே ஹரிஷாவுக்குப் போன் பண்ணினான். கால்மணி நேரத்தில் இராஜேந்திரனின் வெள்ளை வான் வந்து நின்றது.

திருட்டுப் போனது சாதாரணக் கார் அல்ல. இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்து, ஆணி ஆணியாகப் பூட்டிய கிட் கார். இரும்புக் குழாயில் சட்டம், அதன்மேல் சிவப்பு நிறத்தில் மெல்லிய உடம்பு, இரண்டு இருக்கை. கூரை இல்லை, கதவு இல்லை. மொத்தப் பாரம் நானூற்றெண்பது கிலோ. நாலு பேர் மூச்சுப் பிடித்தால் தூக்கிவிடலாம்.

"பொலிசுக்குச் சொன்னனீங்களோ?" என்று கேட்டாள் ஹரிஷா.

"சொன்னா, கார் கிடைச்சாலும் ரெண்டு கிழமை அவங்கட யார்டில நிக்கும். பின்னேரம் மூண்டு மணிக்கு எம்.எஃப்.கா, அக்கா!"

எம்.எஃப்.கா என்பது வாகனப் பரிசோதனை. சுவிஸில் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்காமல் விட்டாலும் விடுவார்கள், காருக்கு எம்.எஃப்.கா பார்க்காமல் விடமாட்டார்கள். பிருந்தனின் காருக்குக் கிடைத்த தனி அனுமதிக் கடிதம் இன்றைய தேதியோடு முடிகிறது. இன்று மூன்று மணிக்குப் பாஸ் ஆனால் நம்பர் தகடு கிடைக்கும். தவறினால் அந்தக் கார் எந்தக் காலத்திலும் தெருவில் ஓடாது, வாசலில் நிறுத்திப் பூக்கன்று வளர்க்கலாம்.

"ஆரில சந்தேகம்?"

"ஜதுஷன்." பல்லில் அகப்பட்ட மிளகைத் துப்புவது போலச் சொன்னான். "என்னோட சேந்து இதைக் கட்டத் தொடங்கினவன். பள்ளிக்கூடத்தில இருந்தே ஒண்டாத் திரிஞ்சனாங்கள். இப்ப நாலு மாசமா ஒரு கதையும் இல்லை."

"என்ன பிரச்சினை? காணியோ, கல்யாணமோ?" இராஜேந்திரன் ஆவலோடு கேட்டார்.

"என்ஜின்."

இராஜேந்திரனின் முகம் வாடியது.

"நான் சொன்னது மோட்டச்சைக்கிள் என்ஜின், அக்கா. ஆயிரத்து முன்னூறு சிசி. கியர்பொக்ஸும் அதுக்குள்ளேயே. பதினோராயிரம் சுத்துச் சுத்தும். கையால தட்டத் தட்ட டக், டக், டக் எண்டு கியர் ஏறும்! அவன் என்ன சொன்னவன் தெரியுமோ? பழைய யப்பான் ரெண்டு சீற் கார் ஒண்டை வாங்கி, அதின்ர என்ஜின், கியர்பொக்ஸ், பின் அச்சு எல்லாத்தையும் அப்பிடியே தூக்கி வைப்பமாம். சோலி இல்லையாம். ஆனா பாரம் நூறு கிலோ கூட! நூறு கிலோ எண்டா என்ர மாமி, அக்கா. மாமியை நிரந்தரமா ஏத்திக்கொண்டு திரியிற மாதிரி!"

"இதுக்கே நாலு மாசம் கதையில்லாமல் இருக்கிறியள்?"

"இல்லை. பிறந்தநாள் வீட்டில, அவ்வளவு சனத்துக்கு முன்னால சொன்னவன்: 'பிருந்தன்ர காரில பின்னுக்குப் போறதெண்டா பொஞ்சாதி இறங்கித் தள்ளவேணும்' எண்டு. எல்லாரும் சிரிச்சவை. என்ர பொஞ்சாதியும் சிரிச்சவ." அதுதான் நெஞ்சில் தைத்த முள் என்று பார்த்தாலே தெரிந்தது. "அண்டைக்கே கராஜ் திறப்பைத் திருப்பி வாங்கினன். போனில பிளொக் பண்ணினன். அவனா வந்து 'நீ சொன்ன என்ஜின்தான் சரி' எண்டு சொல்லுமட்டும் ஒரு சொல்லுக் கதைக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணியிருக்கிறன்."

ஹரிஷா ஒரு விரலை உயர்த்தினாள். அந்த விரல் உயர்ந்தால் யாருக்கோ கஷ்டகாலம் என்று அர்த்தம்.

"நில்லுங்கோ. அப்ப உங்கட காரில ரிவேர்ஸ் இல்லையோ?"

"மோட்டச்சைக்கிள் என்ஜினில எங்கயக்கா ரிவேர்ஸ்?"

"எம்.எஃப்.காவில கேப்பாங்களே?"

பிருந்தன் தன் சப்பாத்தைப் பார்த்தான். "பாரம் குறைஞ்ச காருக்குத் தேவையில்லை எண்டு இன்ரநெற்றில ஒருத்தன் எழுதியிருந்தவன்."

"எந்த நாட்டுக்காரன்?"

"அவுஸ்திரேலியா."

"நல்லது," என்றார் இராஜேந்திரன். "அங்க எல்லாம் தலைகீழ். ரிவேர்ஸ் தேவைப்படாதுதான்."

"ஊரில பிள்ளையாருக்கு நூற்றியொரு தேங்காயும் நேந்திட்டு வந்தனான், அண்ணை. எம்.எஃப்.கா எக்ஸ்பேர்ட் அதைக் கேக்காமல் விடவேணும் எண்டு."

ஹரிஷா பூட்டைப் பார்த்தாள். உடைத்த அடையாளம் இல்லை. திறப்பு இரண்டு. ஒன்று பிருந்தனின் பொக்கெற்றில் இருந்தது. மற்றது வீட்டுச் சுவரில் தொங்குவது, மனைவி சரணியாவின் பொறுப்பில். அவளுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை.

"பிள்ளை," இராஜேந்திரன் தாழ்ந்த குரலில் சொன்னார், "எதிர் வீட்டு ரெண்டாம் மாடி. திரைச்சீலை மூண்டு தரம் அசைஞ்சிட்டுது. காத்து இல்லை."

ஹரிஷா சிரித்தாள். சுவிஸில் துப்பறிவாளருக்குக் கடவுள் கொடுத்த வரம் எதிர் வீட்டு மனிதர்கள்தான்.

வாசலில் 'பும்பாகர்' என்று பெயர் இருந்தது. மணியை அழுத்தினார்கள். சுவரிலிருந்த பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சுவிஸ் ஜெர்மனில் வந்தது.

"இப்போது மதிய ஓய்வு நேரம். ஒரு மணிக்கு வாருங்கள்."

ஒரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. பிருந்தன் கதவில் தலையை மோதப் போனான். அதுவும் சத்தம் என்று இராஜேந்திரன் பிடித்துக்கொண்டார். மூவரும் படிக்கட்டில், கோயிலில் தீபாராதனைக்கு நிற்பது போல வாய் பொத்தி நின்றார்கள். எங்கோ தேவாலய மணி ஒன்று அடித்தது. கதவு திறந்தது.

ஃப்ராவ் பும்பாகர் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கையில் கட்டம் போட்ட கொப்பி. இவர்கள் கேட்பதற்கு முன்பே நீட்டினார்.

"வீட்டு நிர்வாகத்திலிருந்து வந்திருக்கிறீர்களா? நான் நாலு தடவை கடிதம் போட்டேன்."

"ஏறக்குறைய," என்றாள் ஹரிஷா, பொய்யும் சொல்லாமல் மெய்யும் சொல்லாமல்.

கொப்பியில் அந்தத் தெருவின் சத்தமெல்லாம் நாள், நேரம் போட்டு எழுதியிருந்தது. ஹரிஷா மூன்று கிழமை பின்னால் புரட்டினாள். வேலை நாள் மாலைகளில் ஒரே பதிவு. 'கராஜ் ஐந்து. 17.30 முதல் 19.55 வரை. துளைத்தல், தட்டுதல்.'

"ஒழுங்கான மனிதர்," என்று பாராட்டினார் ஃப்ராவ் பும்பாகர். "எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே நிறுத்திவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வந்ததே இல்லை. இன்றைக்குத்தான் என்னை ஏமாற்றிவிட்டார்."

இன்றைய பக்கத்தைப் பார்த்தார்கள்.

'10.25: அதே மனிதர், முதுகுப்பையோடு வந்தார். கராஜைத் திறக்கவில்லை. தெருவோர வாங்குப் பலகையில் இருக்கிறார்.

11.15: இன்னும் வாங்கில் இருக்கிறார். அடிக்கடி நேரம் பார்க்கிறார்.

12.02: கராஜைத் திறந்தார்.

12.04: இரைச்சல், பாண் மா பிசையும் மெசின் போல. சிவப்புக் கார் பின்பக்கமாக வெளியே வந்தது. யாரும் தள்ளவில்லை.

12.05: நரகச் சத்தம். மதிய ஓய்வு மீறல்!!'

கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு.

ஹரிஷாவின் விரல் உயர்ந்தது. "பத்து இருபத்தைஞ்சுக்கு வந்தவன் பன்னிரண்டு மட்டும் ஏன் வாங்கில இருந்தவன்? உள்ளுக்குப் போனா அஞ்சு நிமிச வேலை. எட்டு மணிச் சட்டத்தை மீறாத மனுசன், பன்னிரண்டு மணி மதிய ஓய்வில வந்து ஏன் அகப்பட்டவன்? இண்டைக்கு என்ன கிழமை, அண்ணை?"

"வெள்ளி." இராஜேந்திரனின் கண்கள் விரிந்தன. "பத்தரையில இருந்து பன்னிரண்டு... ராகு காலம்!"

"அதேதான். வெளிக்கிட்டு வர அஞ்சு நிமிசம் பிந்திப்போச்சு. திறந்து, வெளிய எடுக்கேக்க ராகு காலம் துவங்கிவிடும். இருந்து பாத்தவன். ராகுவுக்குத் தப்பி ஃப்ராவ் பும்பாகரிட்ட மாட்டியிட்டான்."

"ஆனா பிள்ளை, களவெடுக்கிறவன் ராகு காலம் பாப்பானோ?"

"பாக்கமாட்டான். நல்ல காரியத்துக்குத்தான் எங்கட ஆக்கள் நேரம் பாக்கிறவை. வந்தவன் தமிழன். செய்யிறது நல்ல காரியம் எண்டு நம்பிக்கொண்டு வந்தவன். இந்தக் காரைத் தன்ர சொந்தக் காரியமா நினைக்கிறவன். பிருந்தன், நீங்கள் சொன்ன ஆள்தான். ஆனா கள்ளன் இல்லை."

அழகான துப்பு. ஹரிஷாவே ஒரு கணம் அதை ரசித்து நின்றாள். அப்போது ஃப்ராவ் பும்பாகர் கொப்பியின் மறுபக்கத்தைத் திருப்பினார்.

"காரின் நம்பரும் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமா? கடைசி எழுத்து யூ."

நம்பரில் யூ எழுத்து வந்தால் அது வாகனம் திருத்தும் கராஜ்களுக்குக் கொடுக்கும் தகடு. நம்பரைப் பார்த்ததுமே பிருந்தன் கத்தினான். "இது அவன் வேலை செய்யிற கராஜின்ர தகடு!"

"கையில வெண்ணெயை வச்சுக்கொண்டு நெய்க்கு அலைஞ்ச கதை," என்றார் இராஜேந்திரன். "முதலே இதைக் கேட்டிருந்தா ராகுவும் கேதுவும் தேவைப்பட்டிராது."

படியிறங்கும்போது ஹரிஷாவின் முகம் மாறியிருந்தது. இரண்டாவது விரலும் உயர்ந்தது.

"பிருந்தன், மனசைத் திடப்படுத்துங்கோ. கார் பின்பக்கமா வந்திருக்கு, தள்ளாமல். அப்ப அதுக்கு ரிவேர்ஸ் இருக்கு. மோட்டச்சைக்கிள் என்ஜினுக்கு ரிவேர்ஸ் இல்லை. மூண்டு கிழமையா உள்ளுக்கு வேலை நடந்திருக்கு. உங்கட நண்பர் உங்கட என்ஜினைக் கழட்டிப்போட்டு, தான் சொன்ன என்ஜினைப் பூட்டியிட்டார்."

பிருந்தன் படியிலேயே இருந்துவிட்டான்.

"முடிஞ்சுது, அக்கா. பேப்பரில என்ர என்ஜின்ர நம்பர் இருக்கு. சத்தம் அளந்தது, புகை அளந்தது எல்லாம் அந்த என்ஜினுக்கு. வேற என்ஜினோட போய் நிண்டா, மூடியைத் திறந்து பாத்திட்டு அப்பிடியே திருப்பி அனுப்பிவிடுவான்." கண்ணைத் துடைத்தான். "தான் சொன்னதுதான் சரி எண்டு காட்டுறதுக்காக என்ர காரையே சாகடிச்சுப்போட்டான்."

இராஜேந்திரன் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, ஒரு சின்ன விசயம். மா பிசையிற சத்தம் பன்னிரண்டு நாலுக்கு. நரகச் சத்தம் பன்னிரண்டு அஞ்சுக்கு. உலை வைக்க முதல் சோறு வெந்த மாதிரியெல்லோ கிடக்கு?"

"சமையல் கதை பிறகு, அண்ணை. மூண்டு மணிக்கு முதல் காரைப் பிடிக்கவேணும். சொல்லுங்கோ, எங்கட ஆக்கள் புதுக் காரை ரோட்டில இறக்கினா முதல் எங்க கொண்டுபோவினம்?"

இரண்டு ஆண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். "கோயிலுக்கு."

வான் பறந்தது. பறந்தது என்றால் எண்பதில் பறந்தது. அதற்கு மேல் கமெரா இருக்கிறது. வழியில் சரணியா தானாகவே போன் அடித்தாள். பிருந்தன் ஸ்பீக்கரில் போட்டான்.

"நான்தான் திறப்புக் குடுத்தனான்," என்றாள் எடுத்த எடுப்பிலேயே. அவளுக்குப் பின்னால் சுப்பர்மார்க்கெற் காசாளர் மெசின் பீப் பீப் என்றது. "ஜது அண்ணை கேட்டவர், குடுத்தன். என்ன செய்தவர் எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கமாட்டியள், நடுவில நான் என்ன தபால்காரியோ? இப்ப எனக்கு வேலை." வைத்துவிட்டாள்.

"சொந்த வீட்டுக்குள்ளேயே சதி," என்று முனகினான் பிருந்தன்.

"தம்பி, சதி இல்லாத கல்யாணத்தை நான் இன்னும் காணேல்லை," என்றார் இராஜேந்திரன் கியரை மாற்றிக்கொண்டு.

கோயில் ஒரு தொழிற்பேட்டைக்குள், டயர்க் களஞ்சியத்துக்கும் சலவைக் கம்பனிக்கும் நடுவில் இருந்தது. வெள்ளிக்கிழமை ஆனபடியால் வாசல் நிறையச் சப்பாத்து. ஐயர் வெளியே வந்து, ஒரு வாளிக்குள் நசுங்கிய எலுமிச்சங்காய்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சிவப்புக் கார்தானே? ஓம், வந்தது," என்றார். "நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய். ஏத்திப்போட்டு அவர் போயிட்டார், பொறுக்கிறது நான். இதைக் குப்பையில போட்டா கட்டடக்காரன் சண்டைக்கு வாறான். பச்சைக் கழிவிலதான் போடவேணுமாம்."

"எங்க போனவர் ஐயா?"

"மூண்டு மணிக்குச் சோதினை எண்டு அந்தரப்பட்டுக்கொண்டு ஓடினவர். காரும் ஒரு சத்தம்! மூலஸ்தானத்துக்குள்ள மணிச் சத்தமே கேக்கேல்லை." ஐயர் மடியில் இருந்த அர்ச்சனைத் துண்டை எடுத்தார். "இதில பேர் இருக்கு. பிருந்தன். பூரட்டாதி நட்சத்திரம். நீங்கள் ஆர்?"

பிருந்தன் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தான். அது ஜதுஷனின் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் பார்த்தெழுதிப் பழகிய கையெழுத்து என்பதால் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"என்ர பேரில செய்திருக்கிறான்," என்றான் மெதுவாக. "என்ர நட்சத்திரம் சரணியாவுக்கே ஞாபகம் இராது."

யாரும் பகிடி விடவில்லை. இராஜேந்திரன்கூட விபூதியைப் பூசிக்கொண்டு வானில் ஏறினார். ஆனால் பிருந்தனின் கோபம் வானுக்குள் மறுபடியும் ஏறிக்கொண்டது. அர்ச்சனை செய்தால் என்ன, அபிஷேகம் செய்தால் என்ன? மாறிப்போன என்ஜினை எந்தச் சாமி மாற்றித் தரும்?

பரிசோதனை நிலையத்துக்குள் நுழையும்போது மூன்றுக்கு எட்டு நிமிடம். நாலாம் இலக்கக் கதவுக்கு முன்னால் சிவப்புக் கார் நின்றது, கழுவித் துடைத்து, மூக்கில் சந்தனப் பொட்டோடு. பக்கத்தில் ஒல்லியாக ஒருவன் வேலை உடுப்போடு நின்றான். வானிலிருந்து இறங்கியவர்களைக் கண்டதும் முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஜதுஷன்.

பிருந்தனும் அவனைப் பார்க்கவில்லை. ஹரிஷாவைப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, அவனைக் கேளுங்கோ, என்ர என்ஜின் எங்கை எண்டு."

ஜதுஷனும் ஹரிஷாவைப் பார்த்தே சொன்னான்: "மூடியைத் திறந்து பாக்கச் சொல்லுங்கோ."

மூடியைக் கட்டியிருந்த நான்கு கொளுக்கியையும் பிருந்தன் கழற்றினான். மூடியைத் தூக்கினான்.

உள்ளே அவனுடைய மோட்டார்சைக்கிள் என்ஜின்தான் இருந்தது.

அதே என்ஜின், அதே நம்பர். ஒரு ஆணிகூட இடம் மாறவில்லை. ஹரிஷாவின் உயர்ந்திருந்த விரல் மெல்லக் கீழே இறங்கியது. யானைக்கும் அடி சறுக்கும். அது சறுக்கும்போது பாகன் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் கொடுமை.

"சோறு வேகிற கதை," என்றார் பாகன்.

"இப்ப சொல்லுங்கோ அண்ணை," என்றாள் ஹரிஷா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"கார் என்ஜினில ரிவேர்ஸ் எண்டா, முதல் என்ஜின் கத்தவேணும், பிறகுதான் கார் பின்னுக்கு வரும். இஞ்ச மா பிசையிற சத்தத்தில பின்னுக்கு வந்திட்டுது, என்ஜின் பிறகுதான் கத்தினது. அப்ப பின்னுக்கு இழுத்தது என்ஜின் இல்லை. கரண்டு மோட்டர். இருபத்திரண்டு வருசம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில நிண்டு மா குழைச்சவன் பிள்ளை நான்."

ஜதுஷன் இப்போதும் ஹரிஷாவிடமே பேசினான். "என்ஜினுக்கும் பின் அச்சுக்கும் நடுவில ஒரு தண்டு ஓடுதெல்லோ, அதில சின்னப் பல்லுச்சில்லு ஒண்டு வச்சு, பக்கத்தில ஒரு கரண்டு மோட்டர் பூட்டியிருக்கிறன். பற்றறியில ஓடும். ஏழு கிலோதான் கூட. எக்ஸ்பேர்ட்டுக்கு விபரம் அனுப்பி, பேப்பரிலயும் ஏத்தியாச்சு. ஓட்டிப் பாத்தன். பதினோராயிரம் சுத்தில கியர் டக் டக் எண்டு ஏறுது." ஒரு மிடறு விழுங்கினான். "அவர் சொன்ன என்ஜின்தான் சரி எண்டு சொல்லுங்கோ."

"காலமையே அவருக்கு எல்லாத்தையும் எழுதி அனுப்பினன்," என்று போனையும் நீட்டினான். அனுப்பிய செய்திக்குக் கீழே ஒற்றைச் சரி அடையாளம், சாம்பல் நிறத்தில். பிளொக் பண்ணியவனுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

பிருந்தன் மூடியை மெல்லச் சாத்தினான். நாலு மாதம் சாத்தி வைத்த வாய், நினைத்தவுடன் திறக்குமா?

"ஹெர் பிருந்தன்?" நாலாம் கதவு உயர்ந்தது. கையில் பலகையோடு எக்ஸ்பேர்ட் வந்தார். இரண்டு மீற்றர் உயரம். வழக்கமாக அவரேதான் காரை உள்ளே ஓட்டுவார். ஒரு காலை உள்ளே வைத்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. மற்றக் காலை வைக்க இடமே இல்லை. இரண்டு நிமிடம் போராடிவிட்டு, மதிப்போடு வெளியே வந்தார்.

"நீங்களே ஓட்டுங்கள். மற்றவர்கள் மஞ்சள் கோட்டுக்கு வெளியே."

பிருந்தன் ஏறினான். என்ஜின் நம்பர் பார்த்தார், சரி. பிரேக் உருளையில் ஏற்றினார், சரி. வெளிச்சம், ஹோர்ன், இருக்கைப் பட்டி, எல்லாம் சரி. ஒவ்வொரு சரிக்கும் இராஜேந்திரன் மூச்சு விட்டார். கடைசியில் எக்ஸ்பேர்ட் பலகையில் ஒரு கட்டத்தைப் பேனையால் தட்டினார். பிள்ளையாருக்குத் தேங்காய் இன்னும் போய்ச் சேரவில்லைப் போலும்.

"இப்போது பின்னுக்கு எடுங்கள்."

பிருந்தன் முன் பலகையைப் பார்த்தான். மூன்று கிழமைக்கு முன் இல்லாத மூன்று சுவிச்சுகள் அங்கே இருந்தன. ஒன்றிலும் எழுத்து இல்லை. ஒன்றை அழுத்தினான், விசிறி சுற்றியது. நிறுத்தினான். அடுத்ததை அழுத்தப் போய்க் கையை இழுத்துக்கொண்டான். பிழையானதை அழுத்தி ஏதாவது எரிந்தால்?

"ஏதாவது பிரச்சினையா?" எக்ஸ்பேர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கார் வெளியே காத்துக்கொண்டிருந்தது. "ரிவேர்ஸ் வேலை செய்யாவிட்டால் நான் எழுதவேண்டி வரும்."

மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஜதுஷன் நின்றான். உதடு துடித்தது. ஆனால் அவனும் கேட்காமல் சொல்லமாட்டான். கேட்காமலே மூன்று கிழமை உழைத்தவனுக்கு, ஒரு கேள்வியாவது பாக்கி இருக்கவேண்டாமா?

எக்ஸ்பேர்ட் பேனையின் மூடியைக் கழற்றினார்.

"டேய் ஜது!" பிருந்தனின் குரல் அந்த மண்டபம் முழுக்க எதிரொலித்தது. "ரிவேர்ஸ் எப்பிடியடா போடுறது?"

ஜதுஷன் மஞ்சள் கோட்டைத் தாண்டினான். "கோட்டுக்கு வெளியே!" என்ற எக்ஸ்பேர்ட்டின் சத்தத்தையும் தாண்டினான். கதவில்லாத காருக்குள் ஒரே பாய்ச்சலில் ஏறி இருந்தான்.

"நியூற்றலில விடு. கிளச்சை மிதி. நடுச் சுவிச்சை அமத்திக்கொண்டே இரு. விடாதை."

"இந்தா அமத்துறன்."

மா பிசையும் சத்தம் எழுந்தது. சிவப்புக் கார் மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது, யாரும் தள்ளாமல். எக்ஸ்பேர்ட் புருவத்தை உயர்த்தினார், தலையை ஆட்டினார், கட்டத்தில் சரி போட்டு முத்திரையையும் குத்தினார். துப்பறிவாளருக்குக் கண்ணீர் ஆகாது என்று ஹரிஷா கைக்குட்டையைத் தேடினாள். இராஜேந்திரன் தன்னுடையதைக் கொடுக்கவில்லை. அவருக்கு அது தேவைப்பட்டது.

"சந்தோசம். நிறுத்துங்கள்," என்றார் எக்ஸ்பேர்ட்.

கார் நிற்கவில்லை.

"நாலு மாசமாடா! ஒரு போன் பண்ணேலாதோ?"

"நீயெல்லோ பிளொக் பண்ணினனி!"

"நீ ஏன்டா சபையில அப்பிடிச் சொன்னனி?"

"சொன்னது பிழைதான்டா. ஆனா நூறு கிலோவெல்லாம் இல்லை, எழுபதுதான் கூட!"

"நூறடா!"

"எழுபதடா!"

எக்ஸ்பேர்ட் பலகையோடு பின்னால் நடந்தபடி, நிறுத்துங்கள், போதும், போதும் என்று இன்னும் மூன்று தரம் சொல்லவேண்டி இருந்தது.